தெரியாமலா பிடித்தோம்? 26 வருடப் புகையும் அதை விட்ட கதையும்

1997-ல் என் மாமாவுக்குக் காலை எடுத்தார்கள். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். முதலில் வலது கால் பெருவிரல் கறுத்தது. பத்தடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். டாக்டர் பார்த்துவிட்டு பர்ஜர் நோய் என்றார். கை, கால்களில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி அடைத்துப்போகிற நோய். அநேகமாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் வரும். "பீடியை இன்றோடு நிறுத்தினால் காலைக் காப்பாற்றலாம், நிறுத்தாவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை" என்று மாமாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமா தலையை ஆட்டினார். சில மாதத்தில் விரல் போனது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே போனது.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், துணைக்கு இருந்த என்னைக் கிட்டே கூப்பிட்டு, "மருமகனே, ஒரு கட்டு வாங்கிட்டு வாய்யா" என்றார். வாங்கி வந்தேன். சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒன்றைப் பற்றவைத்தார். நானும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றைப் பற்றவைத்தேன். எனக்கு அப்போது 24 வயது, எட்டு வருடப் பழக்கம்.

பீடி என்ன செய்யும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஒருவருக்குக் கால் போயிருக்கிறது. இன்னொருவன் அந்தக் காலுக்குப் போட்ட கட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அதனால்தான் யாராவது ஒரு புகைக்காரரிடம், "படித்தவர்தானே, கெடுதல் என்று தெரியாதா?" என்று கேட்டால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். நன்றாகத் தெரியும் ஐயா. பிறகு ஏன் விட முடிவதில்லை என்பதையும், நான் எப்படி வெளியே வந்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டம் ஆலங்குளத்துக்குப் பக்கம். முக்கூடல், பாவூர்சத்திரம், கடையம், இந்தப் பக்கம் மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். என் அம்மாவும் சுற்றினாள். பீடி இலை மத்தியப் பிரதேசம், ஒடிசாப் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும். ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைப்பாள். விடியும் முன்னே கத்தரிச் சத்தம் ஆரம்பித்துவிடும். தகட்டை இலைமேல் வைத்து அளவாக வெட்டி, ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை நீளவாக்கில் பரப்பி, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூலால் ஒரு சுற்றுச் சுற்றி அறுப்பாள். இதைப் படிக்கிற நேரத்தில் அவள் இரண்டு பீடி முடித்திருப்பாள். தூள் பறக்கும் என்பதால் மேமாத வெயிலிலும் ஃபேன் போட மாட்டாள். ஒரு நாளைக்கு ஆயிரம். சாயங்காலம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துத் தள்ளுவார்கள். கழித்ததில் கொஞ்சம் வீட்டுக்கு வரும். நான் முதன்முதலில் குடித்த பீடி அதிலிருந்து எடுத்ததுதான், பதினோராம் வகுப்புப் படிக்கும்போது.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையில்தான் நோட்டு வாங்கினேன். வீட்டு அரிசியும் பீடி தந்ததுதான். அந்த வீட்டில் யார் வாயிலிருந்து 'பீடி கெட்டது' என்று வரும்? வந்ததே இல்லை. சோறு போடுவதை எப்படிக் குறை சொல்வது? ஒரு பழக்கம் எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்பதை விட நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டும். எனக்கு அது அம்மாவின் தட்டு வழியாக வந்தது.

இன்னொரு வாசலைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. அது ஓய்வு. கொத்தனார் வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். ஒரு கையாள் சும்மா சுவரில் சாய்ந்து நின்றால் மேஸ்திரி, "என்னல நிக்க?" என்று கேட்பார். அதே ஆள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றால் கேட்க மாட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவனுக்கு உரிமை உண்டு. "பீடி குடிச்சிட்டு வாரேன்" என்பது வேலையிடத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரே விடுப்பு. போதாதற்கு, புகையிலையில் உள்ள நிக்கோடின் பசியையும் அடக்கும். காலையில் சாப்பிடாமல் வந்தவனுக்கு அதுவே பலகாரம். இவனிடம் போய்ப் புற்றுநோய்ப் படத்தைக் காட்டினால் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வான். ஓய்வைப் பறித்துக்கொண்டு படத்தை மட்டும் கொடுத்தால் யார்தான் வாங்குவார்கள்?

நான் பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதுகிறவன். என் தொழிலில் பாதி நேரம் காத்திருப்புதான். பார்ட்டி வர வேண்டும், சாட்சி வர வேண்டும், டோக்கன் வர வேண்டும், நெட் வர வேண்டும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு சிகரெட். டீக்கடைக் கம்பத்தில் முன்பெல்லாம் கயிற்றில் நெருப்பு புகைந்துகொண்டே தொங்கும், பிறகு அந்த இடத்தில் லைட்டரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதன் கீழே நிற்கும் நாலு பேர்தான் என் சேக்காளிகள். வீட்டுக் கஷ்டம், பிள்ளை படிப்பு, கடன் எல்லாம் அங்கேதான் பேசினோம். சிகரெட்டை விட்டால் இவர்களை விட வேண்டி வருமோ என்பது எனக்கிருந்த பெரிய பயம்.

இவ்வளவும் வெளியே. உள்ளே நடப்பது வேறு. புகையை இழுத்துப் பத்து, பதினைந்து விநாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து ஒரு இதம் வருகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள நிக்கோடின் பாதியாகக் குறையும். அப்போதே ஒரு பரபரப்பு, ஒரு எரிச்சல். அடுத்ததைப் பற்றவைத்ததும் அடங்குகிறது. அதைத்தான் நான் 26 வருடமாக 'டென்ஷன் குறையுது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த டென்ஷனைக் கொடுத்ததே முந்தின சிகரெட் என்று புரிந்த நாளில்தான் எனக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. புற்றுநோய் இருபது, முப்பது வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். இதம் பத்து விநாடியில் நிச்சயம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போடும் நிதானம், உடம்பு பரபரக்கும் நேரத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

பீடிக்காரர்கள் ஒரு ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்: "இது வெறும் இலை, சிகரெட்டுக்கு இது தேவலாம்." பீடி சுற்றிய வீட்டுப் பிள்ளை சொல்கிறேன், அது தப்பு. பீடியில் தூள் குறைவுதான். ஆனால் அந்த இலைக்குள் காற்று புகாது. கையில் வைத்துக்கொண்டு பேசினால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் சிகரெட்டை விட அதிக நிக்கோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகின்றன. நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் பீடியிலிருந்து ஃபில்டர் சிகரெட்டுக்கு மாறி, உடம்பைப் பார்த்துக்கொள்வதாக நினைத்தேன். அதுவும் ஏமாற்றுத்தான்.

முதலில் விட முயன்றது 2008-ல். அந்த வருடம் அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தது, டீக்கடையில் போர்டு தொங்கியது. அந்த வேகத்தில் விட்டேன். பதினோரு நாள். 2011-ல் நிக்கோடின் சூயிங்கம் வாங்கினேன். பபிள்கம் மாதிரி மென்று தள்ளியதில் விக்கல், நெஞ்செரிச்சல். "இது நமக்கு ஒத்துவராது" என்று மூன்றாம் வாரம் தூக்கிப் போட்டேன். 2013-ல் ஐந்து மாதம் தொடாமல் இருந்தேன். அப்போது மாமா இறந்தார்.

துக்க வீட்டுப் பந்தலில் தட்டு வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். வெற்றிலை, பாக்கு, ஒரு ஓரத்தில் பீடிக்கட்டு, பக்கத்தில் தீப்பெட்டி. பீடியால் கால் போன மனிதர் உள்ளே கிடக்கிறார், வாசலில் அதே தட்டு. ராத்திரி இரண்டு மணி இருக்கும். தூக்கம் வரக்கூடாது, பேச ஆள் வேண்டும், அழுகையை அடக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றை எடுத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். எடுத்தேன். ஒன்றுதானே என்று எடுத்தது விடிவதற்குள் ஒரு கட்டு ஆனது. அடுத்த வாரம் பழையபடி ஒரு நாளைக்குப் பதினேழு சிகரெட்.

அதன் பிறகு இரண்டு வருடம் நான் முயலவே இல்லை. 'நமக்கு மன உறுதி கிடையாது' என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த நினைப்புதான் ஒருவரை நிகோடினை விடக் கெட்டியாகப் பிடித்து வைக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை விழுந்து எழுந்தவர்கள்தான். 2013-ல் யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

2015-ல் மார்பு டாக்டர் ஒருவரிடம் இருமலுக்குப் போனேன். அவர் திட்டவில்லை. "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்று மட்டும் கேட்டார். பல் தேய்க்கும் முன்னாலேயே என்றேன். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைக்கிறவருக்குப் பிடிப்பு மிகவும் கடுமை, வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்கக்கூடாது, மருந்தும் வேண்டும் என்றார். இன்னொரு கணக்கும் சொன்னார். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற டாக்டர், புகையால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று பிராட்ஃபோர்டு ஹில்லோடு சேர்ந்து 1950-லேயே எழுதியவர், அந்த ஆய்வு செய்யும்போதே தன் சிகரெட்டையும் விட்டவர். பிறகு ஆயிரக்கணக்கான டாக்டர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்துக் கணக்கெடுத்தார். விடாமல் புகைத்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருட ஆயுள் போகிறது, 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஒன்பது வருடம் திரும்பக் கிடைக்கிறது, 60-ல் விட்டாலும் மூன்று வருடம் கிடைக்கிறது. எனக்கு அப்போது 42. "இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்ற சாக்கு அந்த அறையிலேயே போய்விட்டது.

இந்த முறை நாளைப் பார்த்து இறங்கினேன். ஆடி ஒன்று. ஆடியில் எங்கள் தொழிலில் கூட்டம் இருக்காது. ஆடிப்பெருக்கைத் தவிர சனங்கள் இடம் வாங்கி எழுத அதிகமாக வர மாட்டார்கள். நிக்கோடின் விட்ட முதல் மூன்று நாள்தான் உச்சம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆவணியில் வேலை குவிவதற்குள் உடம்பு வழிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் தொழிலின் ஆடி மாதம் எது என்று பாருங்கள். கல்யாணம், பரீட்சை, வீடு கட்டுவது நடக்கும்போது இதில் இறங்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒன்றையும் குறைக்காமல், பிடிக்கிற ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்தேன்: மணி, இடம், கூட யார். பதினேழில் நானே ஆசைப்பட்டுப் பிடித்தது நாலோ ஐந்தோதான். மற்றதெல்லாம் இடம் பிடிக்க வைத்தது. பைக் ஸ்டாண்டைப் போட்டதும் ஒன்று, பத்திரம் உள்ளே போனதும் ஒன்று. இடத்துக்கு ஒரு மாற்று வைத்தால் பாதி தானாகவே உதிரும் என்று அந்தத் தாள் காட்டியது.

காலையில் வெளிக்குப் போவதுதான் முதல் சிக்கல். சொல்லக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் எத்தனையோ பேர் இதற்காகவே திரும்பிப் போகிறார்கள். நிக்கோடின் குடலைத் தூண்டும், விட்டதும் மலச்சிக்கல் வருவது இயல்பு. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி இரண்டு நாட்டுப்பழம், கொஞ்சம் நடை. எனக்குப் பத்து நாளில் சரியானது.

அடுத்தது காப்பி. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. புகை, காப்பியில் உள்ள காஃபீனை உடம்பு வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே அளவு காப்பி இரண்டு மடங்கு ஏறுகிறது. நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை. நாம் அதையும் சிகரெட் விட்டதால் வந்தது என்று நினைத்து மறுபடி பற்றவைப்போம். ஆறு டம்ளரை மூன்றாக்கினேன், மூன்றாம் ராத்திரி தூங்கிவிட்டேன்.

சூயிங்கத்தை டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி போட்டேன். நாலு மெல்லு, நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு மெல்லு. மருந்து கன்னத்துத் தோல் வழியாக ஏற வேண்டும், விழுங்கினால்தான் விக்கல். அதைப் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்தே டீ, காப்பி, ஜூஸ் கூடாது. எத்தனை மில்லி கிராம், எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று மாதம் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் மோசமான நாள். ஒரு கிரையப் பத்திரத்தில் நான்கெல்லையில் வடக்கையும் தெற்கையும் மாற்றி அடித்துவிட்டேன், அதுவும் சொந்த ஊர்க்காரருக்கு. நல்ல வேளை, வாசித்துக் காட்டும்போது பிடிபட்டது. பயந்துபோய் அன்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவி சாப்பாடு போட்டுவிட்டு, "இத்தனை வருசம் விடுங்க விடுங்கன்னு சொல்லி நானும் ஓஞ்சுட்டேன். இனி அதச் சொல்லல. எந்த நேரம் முடியலயோ அத மட்டும் எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முடியவில்லை என்றேன். அன்றிலிருந்து சாப்பிட்டதும் இருவரும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவோம். வீட்டில் புகைக்காரர் உள்ளவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டு வாங்கினால் மனசு புண்படும், புண்பட்டால் கை எதைத் தேடும் என்று உங்களுக்கே தெரியும். எந்த நேரம் கஷ்டம் என்று கேட்டு அந்த நேரத்தில் கூட இருங்கள்.

புகைக்கும் தாகம் எழும்பினால் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இறங்கிவிடும். ஒவ்வொன்றும் அப்படியே இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சட்டைப்பையில் சிகரெட் இருந்த இடத்தில் கிராம்பும் பனங்கற்கண்டும். இரண்டாம் வாரம் இருமல் கூடியது, சளியாக வந்தது. மூச்சுக்குழாயில் புகையால் முடங்கிக் கிடந்த நுண்முடிகள் மறுபடி வேலை செய்து சளியைத் தள்ளுவதால் அப்படி வரலாம். "விட்டதும் இருமல் வந்துட்டு, பழையபடி குடி" என்று சொன்ன சேக்காளிக்கு இதைச் சொன்னேன். நாலு கிலோ எடையும் கூடியது, அதில் பாதி பிறகு குறைந்தது.

டீக்கடை சேக்காளிகளை விட வேண்டி வரவில்லை. ஒரு மாதம் மட்டும் ரோட்டுக்கு எதிர்ப் பக்கக் கடைக்குப் போனேன். பிறகு திரும்பி வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவர் கேலி செய்தார், இருவர் எப்படி விட்டாய் என்று கேட்டார்கள்.

குறைத்துக்கொண்டால் போதாதா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இதயத்தைப் பொறுத்தவரை, நாளைக்கு இருபது பிடிக்கிறவருக்குக் கூடுகிற ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிக்கிறவருக்கும் உண்டு. முழுசாக விட்டால் ஒரு வருடத்தில் கூடுதல் இதய ஆபத்து பாதியாகக் குறையும். நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்து வருடம் ஆகும்.

நான் விட்ட மறு வருடம், 2016-ல், பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படமும் வாசகமும் வந்தன. அதற்குப் பின் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் வந்தது. அழைத்தால் விடுவதற்கு வழி சொல்வார்கள். நம் ஊரில் பாதிப் பேர் சிகரெட்டை ஒன்றொன்றாகத்தான் வாங்குகிறோம், பாக்கெட் கடைக்காரர் கையிலேயே இருந்துவிடுகிறது. படமும் எண்ணும் நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் எண்ணை இங்கே எழுதினேன்.

அம்மா கண் மங்கியதால் பீடி சுற்றுவதை முன்பே நிறுத்திவிட்டாள். நான் விட்டு ஒரு வருடம் ஆனபோது, ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், "எய்யா, நான் சுத்துனத குடிச்சு எத்தன பேருக்கு என்ன ஆச்சோ" என்றாள். அப்படிச் சொல்லாதே அம்மா, உனக்கு வேறு என்ன வேலை இருந்தது என்றேன். அவள் பதில் பேசவில்லை, வலது கட்டைவிரலை மட்டும் ஆள்காட்டி விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். அது அவளுக்கே தெரியாது.

என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவன், 27 வயது, போன வாரம் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தானாக வந்தான். அவன் கணக்கில் சாயங்காலம் நாலு மணிதான் கடினம். இன்று அவனுக்கு ஆறாம் நாள். நாலு மணிக்கு இரண்டு பேரும் கடையைப் பூட்டிவிட்டு எதிர்ப் பக்கத்து டீக்கடைக்குப் போகிறோம், அரை டம்ளர் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.